ஊராட்சித் தலைவர் தேர்தல்: 11 ஓட்டு வித்தியாசம், 38 செல்லாத ஓட்டு. எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

குடவாசல் வாசகர்:
திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. தலைவர் பதவிக்கு நாலு பேர் போட்டி. முதல் இருவருக்கும் 11 ஓட்டுதான் வித்தியாசம், செல்லாதவை 38. மடிப்பில் மை ஒட்டிய சீட்டுகளையெல்லாம் தள்ளிவிட்டார்கள் என்கிறார் ஏஜென்ட். முடிவு வெளியாகி 19 நாள் ஆகிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நேராக ரிட் மனு போட்டால் உடனே மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வாங்கலாமா?

அரசலாறு:
மதுரை உங்களுக்கு வராது. தஞ்சாவூர் மாவட்டம்தான் மதுரைக் கிளைக்குள் இருக்கிறது. திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்கெல்லாம் சென்னைதான். ஆனால் சென்னையிலும் ரிட் வேண்டாம். அரசியலமைப்பின் 243-ஓ பிரிவுப்படி ஊராட்சித் தேர்தலைத் தேர்தல் மனு வழியாக மட்டுமே எதிர்க்க முடியும். சட்டமன்றத் தேர்தலுக்கு 329-வது பிரிவு போட்ட அதே வேலி. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி வழக்கில் 1952-லேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 258: மாவட்ட நீதிபதியிடம், முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள். உங்களுக்கு மீதி 26 நாள். ரிட் போட்டு, அது திரும்பி வருவதற்குள் கெடு போய்விடும். பலருக்கு வழக்கு கெடுவது இதில்தான். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட்டுக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
கோர்ட் சரியாக இருந்தாலும் மனு வெறுமையாக இருந்தால் நிற்காது. “எண்ணிக்கையில் முறைகேடு” என்ற ஒற்றை வரிக்காக யாரும் வாக்குச்சீட்டுப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். வாக்கின் ரகசியம் இருக்கிறதே. முக்கியமான விவரங்கள் மனுவிலேயே இருக்க வேண்டும், முதல் பார்வைக்கே நம்பத்தக்க ஆதாரமும் வேண்டும் என்பது 1964 முதல் நிலைத்த சட்டம். தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர் தேர்தல் வழக்கு ஒன்றில் 1989-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: எண்ணிப் பார்த்ததில் முடிவு மாறினாலும், எண்ணச் சொன்ன உத்தரவுக்கு முதலிலேயே அடிப்படை இல்லையென்றால் அந்த எண்ணிக்கை செல்லாது.

அதனால் எந்த மேசை, எந்த வார்டுச் சீட்டு, எத்தனை சீட்டு, என்ன காரணம் சொல்லித் தள்ளினார்கள், ஏஜென்ட் என்ன ஆட்சேபம் சொன்னார் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். மடிப்பு மை விஷயத்தை விளக்கமாகவே எழுதலாம். தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் அம்புக்குறி முத்திரை நேராகக் குத்தினால் ஒரு பக்கமாகச் சுழன்றிருக்கும். மடிப்பில் ஒட்டியது எதிர்ப்பக்கம் சுழன்று வெளிறித் தெரியும். இரண்டு சின்னத்தில் குத்தியதற்கும் இதற்கும் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இப்படி 12 சீட்டாவது உங்கள் வேட்பாளருக்கு விழுந்தது என்று காட்ட முடியுமா? ஓட்டைத் தவறாகத் தள்ளியது முடிவையே பாதித்தது என்று நிரூபித்தால்தான், தேர்தலைச் செல்லாததாக்கும் காரணங்களைச் சொல்லும் ஊராட்சிகள் சட்டத்தின் 259-வது பிரிவு கைகொடுக்கும்.

குடவாசல் வாசகர்:
ரொம்ப நன்றி சார். மறு எண்ணிக்கை கேட்டு அன்றைக்கு எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. வாயால்தான் சொன்னார்கள். அது பாதிக்குமா?

வெண்ணாற்றங்கரை:
பலவீனம்தான். முடிவை அறிவிப்பதற்கு முன் காரணத்தோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அறிவித்த பிறகு தேர்தல் நடத்தும் அலுவலரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் அதனால் மட்டும் மனு தள்ளுபடியாகாது. ஏஜென்டை முதல் சாட்சியாக வையுங்கள். அவர் மேசையில் குறித்த துண்டுத்தாள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், புதிதாகப் படியெடுத்து எழுத வேண்டாம். குறுக்கு விசாரணையில் அந்தத் தாளில் எழுதிய மசியைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும்.

அரசலாறு:
இன்னும் இரண்டு. தேர்தல் செல்லாது என்பதோடு, தோற்றவரையே வென்றவராக அறிவிக்கவும் கேட்பதானால் மற்ற மூன்று வேட்பாளர்களையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டாலும் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். மனுவோடு ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டு, சீல் வைத்த வாக்குச்சீட்டுக் கட்டுகளையும் எண்ணும் மையத்து வீடியோப் பதிவையும் வழக்கு முடியும்வரை அழிக்காமல் வைக்க உத்தரவு கேளுங்கள். வீடியோ முதலில் போய்விடும், அதற்கு இன்றைக்கே மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு ஒப்புகையோடு பதிவுத் தபால் அனுப்பிவிடுங்கள்.