உட்பிரிவுப் பட்டாவுக்கு எட்டாயிரம் கேட்கிறார்கள். கொடுப்பதா, பிடித்துக் கொடுப்பதா?

கரைமேட்டான் (கேள்வி):
அப்பா போய் இரண்டு வருஷம். 42 சென்ட் நிலத்தை நானும் தங்கையும் பாகம் பிரித்துப் பத்திரமும் பதிந்துவிட்டோம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கொடுத்து உட்பிரிவுக்கு மனு போட்டேன். அளவைக் கட்டணமும் கட்டியாயிற்று. நான்கு மாதமாக நடக்கிறேன். முதலில் சர்வேயர் லீவு, அப்புறம் எல்லைக்கல் காணவில்லை, அப்புறம் மேலே மீட்டிங். போன வாரம் ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் கூப்பிட்டு, "எட்டு ரூபா ஆகும் சார், ஒரே வாரத்துல பட்டா" என்றார். எட்டு என்றால் எட்டாயிரம்.

வீட்டில் "கொடுத்துத் தொலைங்க" என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால் அப்புறம் அந்த ஆபீஸில் என் மனு நகருமா? போன அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

மேட்டுத்தெரு:
நான் போன வருஷம் ஐந்து கொடுத்தேன், ஒன்பதாம் நாள் பட்டா வந்தது. வண்டி பெட்ரோல், ஒரு நாள் கூலி எல்லாம் கணக்குப் போட்டால் கொடுப்பதே லாபம்.

ஓய்வு குமாஸ்தா:
மேட்டுத்தெரு தம்பி, முதலில் இப்படிப் பொதுவில் எழுதாதீர்கள். 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்திய பிறகு, கொடுத்தவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வேறு வழியில்லாமல் கொடுத்தேன் என்றால் ஏழு நாளைக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முன்கூட்டியே அவர்களிடம் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் பேச்சின்படி கொடுத்தால் குற்றமில்லை.

கரைமேட்டான், நான் புகார் கொடுத்தவன் இல்லை, சாட்சியாக உட்கார்ந்தவன். லஞ்சம் வாங்குபவரைக் கையோடு பிடிக்கப் பொறி வைக்கும்போது வேறு துறை அரசு ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அதில் ஒருவன் நான். புகார்தாரர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களை நான் படிக்க, இன்னொருவர் எழுதினார். நோட்டில் பினாப்தலின் பொடி தடவினார்கள். பார்த்தால் தெரியாது. ஒரு தம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல், நிறமில்லாத வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. பொடி பட்ட விரலை அதில் முக்கினார்கள், ரோஸ் மில்க் ஆகிவிட்டது. அதன்பிறகு இன்றுவரை எனக்கு ரோஸ் மில்க் இறங்குவதில்லை, அது வேறு கதை.

"அவர் கேட்டால் மட்டும் கொடுங்க, நீங்களா நீட்டாதீங்க" என்று புகார்தாரரிடம் மூன்று தடவை சொன்னார்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான். பணம் கையில் இருந்தால் போதாது, கேட்டு வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டும். பிடிபட்டவருக்கு என் வயசுதான் இருக்கும். அவர் கையை முக்கிய கரைசல் வலது கைக்கு ஒரு பாட்டில், இடது கைக்கு ஒரு பாட்டில், சீல், எங்கள் கையெழுத்து. மேசையில் அவர் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே இருந்தது.

ஆறு வருஷம் கழித்துக் கோர்ட்டில் புகார்தாரர் பல்டி அடித்தார்: "அது கைமாத்தா வாங்கின கடன்." பிடிபட்டவர் விடுதலை. புகார்தாரர் பிறழ்ந்தாலும், செத்தே போனாலும், மற்ற சாட்சியங்களை வைத்துக் கேட்டதை நிரூபிக்கலாம் என்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் தெளிவாக்கியது. எங்கள் வழக்கு அதற்கு முந்தியது.

மனு நகருமா என்று கேட்டீர்கள். அன்று அந்தக் கோப்பையே கைப்பற்றிக்கொண்டு போனார்கள், புகார்தாரர் மறுபடி மனு போட வேண்டியிருந்தது. அதனால் பத்திரம், ரசீது, மனு எண் எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொண்டு போங்கள். ஜெராக்ஸ்காரர் தப்பிவிடுவார் என்றும் நினைக்க வேண்டாம். செல்வாக்கைக் காட்டிக் காசு வாங்கும் தரகருக்கு அதே சட்டத்தில் 7ஏ பிரிவு இருக்கிறது.

ஓசூர்க்காரி:
போலீஸ், கோர்ட் வேண்டாம் என்றால் முதலில் ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், சப்பைக்கட்டுதான் வரும். "இந்த எண் மனு எந்தத் தேதியில் யார் மேசைக்கு வந்தது, அவர் அதில் என்ன எழுதினார், அதன் நகல் தரவும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். என் வாரிசு சான்றிதழ் பதினெட்டாம் நாள் வந்தது, ஆர்.டி.ஐ. பதில் வரவே இல்லை!

எல்லைக்கு அந்தப்பக்கம் கர்நாடகாவில் சகாலா என்று 2011-இலேயே சட்டம் போட்டார்கள். தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 நமக்குத் தர வேண்டும், அந்த அலுவலரிடமே பிடித்துக்கொள்ளலாம். தொகை சின்னதுதான். ஆனால் சம்பளத்தில் கை வைத்தால் ரோஷம் வருமே. அங்கேயும் லஞ்சம் ஒழிந்துவிடவில்லை, என் நாத்தனாரைக் கேட்டால் ஒரு மணி நேரம் திட்டுவாள்.

கரைமேட்டான்:
ஸ்டாம்ப் வாங்கிவிட்டேன். ஆர்.டி.ஐ. மனு நகல் எடுக்கத்தான் வெட்கமாக இருந்தது, அந்த வட்டாரத்தில் ஜெராக்ஸ் கடை அது ஒன்றுதான். இரண்டு பக்கத்துக்கு நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டு, படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். இன்று காலை சர்வேயரிடமிருந்து போன், வியாழக்கிழமை அளக்க வருகிறாராம்.