அம்மாவின் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு பலவீனமாகும் நோய்): ஊசி போடும் முன் இன்னொரு கருத்து தேவை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 67. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 3.1, அதாவது அடர்த்தி மிகவும் குறைவு. வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார், பாவம். அப்படியும் நெஞ்செரிச்சல் விடவில்லை.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடச் சொல்கிறார்கள். வேறு மருந்துக்கு மாறாமல் அதை நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து கூடும் என்பதுதான் பயமாக இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம் பற்றி யாரும் பேசவே இல்லை. அதைப் போட சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்; அம்மாவுக்கு நன்றாகவே இருக்கிறது. ஒரு பல் மட்டும் பிடுங்க வேண்டும்; இந்த மருந்துகள் போடும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு பாதிக்கப்படலாம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

இரண்டாவது கருத்துக்கு எண்டோகிரைனாலஜிஸ்டா (ஹார்மோன் மருத்துவர்), ருமட்டாலஜிஸ்டா (மூட்டு நோய் மருத்துவர்), யாரைப் பார்ப்பது நல்லது? இந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டவர்கள் வீட்டில் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள், ப்ளீஸ்.