கவ்வுப் பிசகு: மழலையர் பல்நலக் கையேட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கும்பகோணம் பகுதி அங்கன்வாடிப் பணியாளர்களுக்காக நாம் எழுதிவரும் கையேட்டில் ‘மாலொக்ளூஷன்’ (மேல், கீழ்ப் பல்வரிசைகள் சரியாகப் பொருந்தாத நிலை) என்பதைப் ‘பல்வரிசைக் கோணல்’ என்று வழங்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. கோணல் என்பது தனிப் பல்லின் நிலை. அதற்குத் தெற்றுப்பல், எத்துப்பல், சிங்கப்பல் என்று நம் வீடுகளிலேயே சொற்கள் இருக்கின்றன. நாம் பெயரிட வேண்டியது, வாயை மூடும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் சந்திக்கும் விதத்தை. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கும் அடைத்தல் என்பதே பொருள். நம் களிமண் நிலத்தில் கோடை வெடிப்பு கண்டு வாசல்நிலை ஒருபுறம் இறங்கிவிட்டால், கதவுகள் இரண்டும் தனித்தனியே பழுதில்லாமல் இருந்தும் பொருந்தி மூடுவதில்லை. பற்கள் ஒழுங்காக முளைத்த குழந்தைக்கும் கீழ்த்தாடை முன்தள்ளி நின்றால் அந்த நிலைதான்.

சொல்லின் முதற்பாதிக்குப் ‘பல்லிசைவு’ அழகான ஆக்கம் என்றாலும், மருத்துவமனையில் இசைவு என்றால் ஒப்புதல் படிவமே நினைவுக்கு வரும். சேர்த்தெழுதினால் முதலில் பல்லிதான் கண்ணில் படுகிறது. ‘கடி’ என்பதோ நாய்க்கடி, பாம்புக்கடியோடு போய்ச் சேரும். ஆகவே ‘கவ்வு’ என்பதை அடிச்சொல்லாகக் கொள்ள வேண்டுகிறேன். பூனை குட்டியைக் கவ்வுவதைக் கண்ட எவருக்கும் இரு தாடைகளின் சேர்க்கை அதில் விளங்கும். ஆழ்கவ்வு (மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை மிகுதியாக மறைப்பது), குறுக்குக் கவ்வு (மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக அமைவது) என்று அது கிளைக்கவும் செய்யும்.

இரண்டாம் பாதிக்குப் ‘பிறழ்வு’ வேண்டாம். மனப்பிறழ்வு என்ற வழக்கின் நிழல் மூன்று வயதுக் குழந்தையின் மேல் விழக் கூடாது. கால் பிசகியது என்று நாம் சொல்லும்போது, சரிசெய்யக்கூடியது என்ற நம்பிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது. இந்த வயதுக்கு அது பொருத்தமும்கூட: விரல் சூப்பும் பழக்கத்தால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் குழந்தைகள் பலருக்கு, பழக்கம் காலத்தோடு விட்டால் அந்த இடைவெளி தானாகவே குறைகிறது. எனவே கவ்வுப் பிசகு.

இன்னொன்றையும் கையேடு தெளிவாகச் சொல்ல வேண்டும். பால்பற்களுக்கிடையே சந்து இருப்பது பிசகு அன்று. பின்னர் வரும் பெரிய பற்களுக்கு அது இடம் தருகிறது. இந்த இடைவெளியைக் கண்டு கலங்கும் தாய்மார்கள், சொத்தையான பால் கடைவாய்ப் பல் எப்படியும் விழப்போவதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். அதை முன்கூட்டியே இழந்தால் பக்கத்துப் பற்கள் சரிந்து, அடுத்து வரும் பல்லின் இடம் குறுகிவிடும். அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் எட்வர்ட் ஆங்கில் (Angle) 1899இல் வகுத்த பிரிவுகளையும் இங்கே அப்படியே பெயர்க்க வேண்டாம். அவை ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லை அடிப்படையாகக் கொண்டவை, நம் குழந்தைகளுக்கு இருப்பவையோ இருபது பால்பற்கள் மட்டுமே.

பின்பற்கள் சேர்ந்தும் முன்பற்கள் சேராத நிலைக்குத் ‘திறந்த கவ்வு’ என்பது முரணாகப் படுகிறது. ‘முன்கவ்வாமை’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. இதைவிட நல்ல சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.