கத்திரி வெயில்ல அடைக்குப் படுத்த சிறுவிடைக் கோழி: முட்டை வைக்கலாமா, அடையைக் கலைச்சுத் தெளிய வச்சுடலாமா?

காட்பாடி கொல்லை:
வணக்கம். வீட்டுக் கொல்லையில 6 பெட்டை, 1 சேவல், எல்லாம் சிறுவிடைங்கற நாட்டுக்கோழி ரகம். ஒரு பெட்டை அடைக்கு வந்திருக்கு. இறகைச் சிலுப்பிக்கிட்டு உறுமுது, கையை நீட்டினா கொத்துது, காலிக் கூடையை விட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. சமையல்கட்டுல 14 முட்டை சேர்ந்திருக்கு, இன்னிக்குப் போட்டதுலேர்ந்து 10 நாள் பழசு வரைக்கும். கூண்டுக்கு மேல தகர ஷீட். இப்ப வச்சா கத்திரி நடுவுலதான் பொரியும். கோடையில பாதிக்கு மேல கூமுட்டை ஆகும்னு சொல்றாங்களே, கோழிச் சூட்டோட வெயில் சூடும் சேர்றதாலயா? கூடையில ஆணி, கரி, காஞ்ச மிளகா போடணும்னு பக்கத்து வீட்டு ஆயா சொல்றாங்க, இடிக்குக் காவலாம். அவசியமா?

பாலாற்றங்கரை:
கோடையில நிறைய முட்டை கூடைக்குப் போறதுக்கு முன்னாடியே கெட்டுடுது தலைவரே. சுமார் 21 டிகிரியைத் தாண்டினாலே கரு மெதுவா வளர ஆரம்பிச்சுடும். வேலூர்ல ஏப்ரல் ராத்திரிகூட அதுக்குக் கீழ இறங்காது. அடுப்பங்கரையில அரைகுறையா வளர்ந்து சோர்ந்துபோன கரு, அடைக்குப் போனதும் நாலஞ்சு நாள்ல செத்துடும். அதனால 14-ல 4 நாளுக்கு மேற்பட்டதை எல்லாம் பொரியலுக்கு விட்டுடுங்க. மிச்சத்துல ஓடு சொரசொரப்பா இருக்கிறது, ரொம்ப நீளமானது, கீறல் விட்டது வேண்டாம். கழுவவும் கூடாது. பிரிட்ஜ்ல வச்சதும் வேண்டாம், வெளிய எடுத்ததும் ஓடு வேர்த்து, அந்த ஈரத்தோட கிருமி உள்ள போகும்.

இனி சேர்க்கறதுன்னா மண்பானையில பாதிக்கு மணல் கொட்டி, தண்ணி தெளிச்சு, மேல காஞ்ச வைக்கோல் பரப்பி, கூர்முனை கீழ இருக்கிற மாதிரி அடுக்குங்க. பானை வாயை ஈரத்துணியால மூடுங்க. முட்டை மேல ஈரம் படக் கூடாது.

தகர ஷீட்டுக்குக் கீழ அடை வைக்கவே வைக்காதீங்க. மதியத்துல அது அடுப்பு. ஓட்டு வீட்டுத் தாழ்வாரம், மாட்டுக்கொட்டாய் மூலைன்னு காத்து வர்ற, மண் தரை இருக்கிற இடமாப் பாருங்க. ஒன்றரை அடி அகல மூங்கில் கூடை, அடியில நாலு விரல் மணல், மேல வைக்கோல். மத்த மாசத்துல 11, 12 முட்டை தாங்கற கோழிக்கு இப்ப 8 போதும். கடைசி வாரத்துல கருவே தனியா சூடு விடும், நெருக்கி வச்சா அது வெளியேற வழியில்ல. 12 மணிலேர்ந்து 4 மணி வரை கூடையைச் சுத்தித் தரையில தண்ணி தெளிங்க.

கோழி தானா இறங்கலைன்னா விடிகாலையில நீங்களே தூக்கி விடுங்க. தூக்கறப்ப ரெக்கைக்குள்ள கையை விட்டுத் துழாவிப் பாருங்க, முட்டையை இடுக்கி வச்சிருக்கும், கீழ விழுந்து உடையும். கம்பு, சோளம் முழுசாப் போடுங்க. தவிடு கரைச்சு வச்சா கழிச்சல் இளகிக் கூடையையே நாறடிச்சுடும். 20 நிமிஷத்துல திரும்பி வந்து படுத்துடும்.

7-ம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை முட்டையோட அகலமான முனையில வச்சுப் பாருங்க. சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு தெரிஞ்சா உயிர் இருக்கு. ஒண்ணுமே தெரியலைன்னா கரு கூடாதது. ரத்த வளையம் மட்டும் தெரிஞ்சா செத்தது, உடனே எடுத்துடுங்க. அது வெடிச்சா மத்ததும் போச்சு.

ஆணி, மிளகா இருந்தா நஷ்டமில்ல, இடிக்கும் அதுக்கும் சம்பந்தமும் இல்ல. ஆயா மனசு நோகாம ஒரு ஆணியைப் போட்டுடுங்க. அதைவிட முக்கியம் பேன். வைக்கோலுக்கு அடியில சாம்பலும் வசம்புத் தூளும் தூவுங்க. பேன் புடுங்கினா எப்பேர்ப்பட்ட அடைக்கோழியும் 15-ம் நாள் எழுந்து போயிடும்.

சேவக்கொண்டை:
நிழலான இடம் கிடைக்கலைன்னா தெளிய வைக்கறதே நல்லது. தண்ணியில முக்கறது, மூக்குல இறகு குத்தறது எல்லாம் வதை, பலனும் நிச்சயமில்ல. அடிவயிறு கதகதப்பா இருக்கிற வரைக்கும் அடை போகாது. கம்பி வலை அடி போட்ட கூண்டை நாலு செங்கல் மேல தூக்கி வச்சு, கோழியை உள்ள விடுங்க. வைக்கோல் கூடாது, தீனியும் தண்ணியும் உண்டு. கீழேர்ந்து காத்து அடிச்சா 3, 4 நாள்ல உறுமலை விட்டுடும். வெளிய விட்டதும் நேரா பழைய கூடைக்கு ஓடினா இன்னும் ரெண்டு நாள் உள்ள போடுங்க.

காட்பாடி கொல்லை:
ரொம்ப நன்றி. தாழ்வாரத்துல வைக்கறேன். இன்னொரு சந்தேகம், மத்த பெட்டைங்க அதே கூடையில ஏறி அது முதுகு மேலயே உக்காந்து முட்டை போடுதுங்க. என்ன பண்றது?

பாலாற்றங்கரை:
படுத்த இடத்துலதான் போடுவேன்னு அடம் பிடிக்கும்ங்க, பக்கத்துல காலிக் கூடை இருந்தாலும் வரிசையில நிக்கும். வச்ச 8 முட்டையிலயும் கரியால கோடு போட்டுடுங்க. கோடு இல்லாததைச் சாயந்தரம் எடுத்துடுங்க. விட்டா 21-ம் நாள் குஞ்சோட தாய் இறங்கிடும், பிந்தின முட்டை பாதியில நிக்கும். பகல்ல பஞ்சாரம் போட்டு மூடறதும் சரி.

வாலாஜா ரோடு:
குஞ்சு பொரிச்சப்புறம் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குத் தடுப்பு மருந்து போட மறந்துடாதீங்க, கோடையில கொத்தா அடிக்கும். 7-ம் நாள் லசோட்டா இல்லைன்னா எஃப் ரகத் தடுப்பு மருந்து, கண்ணுல ஒரு சொட்டு. 8-ம் வாரம் ஆர்டிவிகே தடுப்பூசி, ரெக்கைக்கு அடியில தோலுக்குக் கீழ அரை மில்லி. கலக்கின மருந்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், ஐஸ்ல வச்சுதான் கொண்டு வரணும். ஒரு குப்பி 100 கோழிக்கு மேல வரும்ங்கறதால தெருவுல நாலு வீடு சேர்ந்து வாங்குங்க. மருந்துக்கு நாம அலையறோம், ஆனா அதைத் தயாரிக்கிற கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நம்ம ராணிப்பேட்டையிலயேதான் இருக்கு. பிப்ரவரியில கால்நடைத் துறை இலவச முகாம் போடும், பெரிய கோழிங்களுக்கு அதைத் தவற விடாதீங்க. சொணங்கிப் படுத்திருக்கிற கோழிக்கு மட்டும் ஊசி வேண்டாம்.