மகளின்ர ஓசாப் இன்னும் "முழுமையில்லை" எண்டு நிக்குது, காலேஜ் காசு கேக்குது

குப்பிளான் பிள்ளை
வணக்கம். மகளுக்கு செப்டம்பரில காலேஜ் தொடங்குது. ஒன்ராறியோவில மாணவருக்கு அரசாங்கம் குடுக்கிற படிப்புக் கடனும் உதவிக் காசும், அந்த ஓசாப்பை 2025-26க்கு ஜூனிலயே போட்டாச்சு. ஆறு கிழமைக்கு மேல போட்டுது, இன்னும் "முழுமையில்லை" எண்டுதான் காட்டுது. கிடைக்கிற தொகை எண்டு இருக்கிற இடத்தில பூச்சியம். ஓகஸ்ட் 22க்குள்ள காசு கட்டாட்டி இடம் போயிடும் எண்டு காலேஜில இருந்து மெயில் வந்திருக்கு. கையில அவ்வளவு காசில்லை. நாங்கள் வந்து ஏழு மாசம்தான். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, இரவில நித்திரையும் இல்லை.

பிராம்டன் கோவைக்காரன்
அக்கா, ஓசாப்பை மட்டும் நம்பி இருந்துடாதீங்க. காலேஜ்லயே பர்சரின்னு ஒண்ணு இருக்கும், திருப்பிக் கட்ட வேண்டாத பணம். அதுக்கு விண்ணப்பம் தனி. நிறைய இடத்துல ஓசாப் போட்டிருந்தாதான் பர்சரிக்கே எடுத்துக்குவாங்க. கேம்பஸ் உள்ள வேலை இருக்கான்னும் இப்பவே கேட்டு வைங்க, ஓசாப் வாங்குறவங்களுக்குன்னு ஒதுக்கின வேலைகளும் உண்டு. கிரெடிட் கார்டுல ஃபீஸ் கட்டிடாதீங்க, அந்த வட்டி ஆளை முழுங்கிடும்.

வல்வை அப்பர்
பிள்ளை, ஏழு மாசமெண்டால் கிடைக்காது. ஒன்ராறியோவில ஒரு வருசம் முழுசா இருந்திருக்க வேணும். பூச்சியம் காட்டுறது அதாலதான். பிள்ளை ஒரு வருசம் வேலை செய்யட்டும், அடுத்த முறை போடுங்கோ.

கணக்குப்பிள்ளை
அப்பர், பொறுங்கோ. பிள்ளையின்ர ஒரு வருசத்தை வைச்சு மட்டும் முடிவெடுக்கிறேல்லை. தாய் தகப்பனில தங்கி இருக்கிற பிள்ளையெண்டால், பெற்றோர் பன்னிரண்டு மாசம் ஒன்ராறியோவில இருந்திருந்தாலும் காணும். பள்ளிக்கூடம் முடிச்சு ஆறு வருசம் ஆகாத, கலியாணம் கட்டாத பிள்ளையளைப் பொதுவா அப்பிடித்தான் கணிக்கிறவை.

அக்கா, முக்கியமானது ஒண்டும் நீங்கள் எழுதேல்லை. உங்கட ஸ்டேட்டஸ் என்ன: பீஆரா (நிரந்தர வதிவிடம்), பாதுகாக்கப்பட்ட நபரா (ரிஃபியூஜி எண்டு ஏற்கப்பட்டவர்), ரிஃபியூஜி கிளைம் போட்டு முடிவு வராமல் இருக்கோ? மகள் ஸ்டடி பெர்மிட்டில வந்தவவோ? ஸ்டடி பெர்மிட் எண்டாலோ கிளைம் முடிவு வராட்டியோ ஓசாப் இல்லை. பிள்ளையின்ர அப்பா எங்க, எவ்வளவு காலமா? அரசாங்கக் காலேஜோ, தனியாரோ? ஃபோமை நிரப்பினது ஆர்?

மோர்னிங்சைட்
நிரப்பினது ஆர் எண்டு கேட்டீங்களே, அதுதான் கேள்வி. பிளாசாவுக்குள்ள மேசை போட்டிருந்து, புதுசா வந்த சனத்திட்டக் காசு வாங்கி ஓசாப் நிரப்பிக் குடுக்கினம். ஓசாப் விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் இல்லை. பாஸ்வேர்டையும் தாங்களே வைச்சிருப்பினம். பிறகு பிழையெண்டால் ஃபோன் எடுக்க மாட்டினம்.

வல்வை அப்பர்
அதை விடுங்கோ. பேஸ்மென்ட் வாடகை, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் கட்டி, அதுக்கு மேல கடனும் எடுத்துப் பிள்ளையைப் படிப்பிக்கிறதெண்டால் இந்த நாட்டில ஆராலதான் முடியும்? கடன் வேண்டாம். திருப்பிக் கட்டத் தேவையில்லாத கிராண்ட் மட்டும் காணும் எண்டு ஃபோமில அடிச்சு விடுங்கோ.

பிராம்டன் கோவைக்காரன்
அதையும் யோசிச்சுச் செய்யணும் ஐயா. 2023 ஏப்ரல்ல இருந்து ஓசாப் கடன்ல மத்திய அரசு பங்குக்கு வட்டியே கிடையாது. ஒன்டாரியோ பங்குக்குத்தான் வட்டி, அதுவும் படிப்பு முடிஞ்ச பிறகு. ஆனா முடிஞ்ச உடனேயே ஓட ஆரம்பிச்சிடும், தவணை கட்ட வேண்டாத அந்த ஆறு மாசத்துலயும் ஏறும். வாடகைக்கு வெளியில வட்டிக்கு வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்.

குப்பிளான் பிள்ளை
மன்னிச்சுக் கொள்ளுங்கோ, எழுத மறந்திட்டன். இவர் இஞ்ச வந்து ஐஞ்சு வருசம், எல்லாம் ஒன்ராறியோவில, ஸ்காபரோவிலதான். ரிஃபியூஜி கேஸ் ஓமெண்டு வந்து, பிறகு பீஆரும் கிடைச்சுது. நானும் மகளும் ஜனவரியில பீஆரோட இறங்கினனாங்கள். அரசாங்கக் காலேஜ்தான், ரெண்டு வருசப் படிப்பு. இவர் ட்ரக் ஓடுறவர், அமெரிக்காவுக்குப் போனால் பத்து நாளைக்கு வரமாட்டார். ஃபோம் பிளாசாவில ஒருவர்தான் நிரப்பினவர். நான் ஊரில ரீச்சரா இருந்தனான். சம்பளம் மாசம் 80,000 எண்டு சொன்னன், அவர் 960,000 எண்டு போட்டவர். அது சரிதானே?

கணக்குப்பிள்ளை
பூச்சியம் அதில இருந்துதான் வருது, அக்கா. அந்தப் பெட்டிக்குள்ள கனேடிய டொலர்தான் போட வேணும். நீங்கள் போட்டது இலங்கை ரூபாய். ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் டொலர் உழைக்கிற தாயின்ர பிள்ளைக்கு உதவி தேவையில்லை எண்டு கணிச்சிருக்கு. உங்கட உண்மையான தொகை நாலாயிரத்துச் சொச்ச டொலர்தான் வரும். 2025-26க்குக் கேக்கிறது 2024 வருமானம். நீங்கள் 2024இல கனடாவில இல்லை, ஆனபடியால் இஞ்ச வரி ஃபைல் பண்ணேல்லை எண்டும், வெளிநாட்டு வருமானம் இவ்வளவு எண்டும் போகவேணும். பள்ளிக்கூடத்துச் சம்பளச் சீட்டு, எந்த மாற்று வீதத்தில கணக்குப் பாத்தீங்கள் எண்ட தாள், ரெண்டையும் எடுத்து வையுங்கோ. கேட்டால் உடன குடுக்கலாம். தமிழில இருக்கிற கடிதமெண்டால் மொழிபெயர்ப்பும் வேணும்.

"முழுமையில்லை" எண்டது வேற விசயம். பெற்றோர் பகுதி எண்டு ஒண்டு தனியா இருக்கு. தாய் தகப்பன் ரெண்டு பேரும் ஒப்பம் வைக்க வேணும், தங்கட வருமானத்தை வரித் திணைக்களத்தில சரிபாக்கவும் சம்மதம் குடுக்க வேணும். ஒராள் விட்டாலும் விண்ணப்பம் அந்த இடத்திலயே நிக்கும், எத்தனை கிழமை போனாலும் அசையாது. மகளின்ர கணக்குக்குள்ள போய்ப் பாருங்கோ, உங்கட கணவரின்ர ஒப்பம் இருக்கோ எண்டு.

வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் குடுக்கிற சின் நம்பர், கணவரின்ர அதையும் பாருங்கோ. பாதுகாக்கப்பட்ட நபரா இருந்த காலத்தில குடுத்தது 9இல தொடங்கும். பீஆர் வந்த பிறகு புது சின் எடுத்திருப்பார். ஃபோமில பழசு கிடந்தால் வரித் திணைக்களத்துப் பதிவோட பொருந்தாது. அவரின்ர வருமானம் 2024 வரித் தாளில 15000ஆம் லைனில இருக்கிற தொகை. கையில வாறதையோ, ட்ரக் கொம்பனி குடுக்கிற மொத்தக் காசையோ போடக்கூடாது.

இதுகளைத் திருத்தச் சொல்லி ரெண்டாவது விண்ணப்பம் மட்டும் போட்டுடாதேங்கோ. காலேஜில நிதியுதவி ஒஃபிஸ் இருக்கு, திருத்துறது அவை மூலம்தான்.

மோர்னிங்சைட்
ஓகஸ்ட் 22 அலுவலை முதல்ல பாருங்கோ அக்கா. ஓசாப் காசு வரும் வரைக்கும் கட்டணத்தைப் பின்போடுற ஒழுங்கு கனக்க இடங்களில உண்டு, ஆனால் திகதி போக முதல் கேக்க வேணும். ஃபோன் பண்ணிக் காத்திருக்காமல் நாளைக்குக் காலமை மகளைக் கூட்டிக்கொண்டு நேர போங்கோ. விண்ணப்ப இலக்கம், பீஆர் தாள், சின் கடிதம், ரூபாய் பிழையா விழுந்த பக்கத்தின்ர பிரதி எல்லாம் கொண்டு போங்கோ. பிளாசாக்காரரிட்ட இருக்கிற பாஸ்வேர்டை இண்டைக்கு இரவே மாத்துங்கோ. தொடர்பு மெயிலும் அவரின்ரதா மகளின்ரதா எண்டு பாருங்கோ. ஓசாப் அனுப்பின கடிதமெல்லாம் அங்கதான் போய்க் கிடக்கும்.

பேரையும் ஒருக்காப் பாருங்கோ. எங்கட பிள்ளையளுக்கு அப்பாவின்ர பேர் ஒரு தாளில முன்னுக்கு, மற்றத் தாளில பின்னுக்கு. சின் கடிதத்தில எப்பிடி இருக்கோ அதே எழுத்து, அதே ஒழுங்கு ஓசாப்பிலயும் காலேஜிலயும் பாங்கிலயும் இருக்க வேணும்.

வல்வை அப்பர்
தகப்பன் ஐஞ்சு வருசமெண்டால் நான் சொன்னது பிழை. பிள்ளை, ஒரு வருசம் தள்ளிப்போட வேண்டாம். கடைசித் திகதியும் இன்னும் போகேல்லைத்தானே?

கணக்குப்பிள்ளை
போகேல்லை, அப்பர். படிப்புக் காலம் முடிய 60 நாளுக்கு முதல் விண்ணப்பமும், 40 நாளுக்கு முதல் ஒப்பம், தாளெல்லாமும் போய்ச் சேர்ந்தால் சரி. ஏப்ரல் 24இல முடியுதெண்டால் பெப்ரவரி 23, மார்ச் 15. ஆனால் அந்தத் திகதியைப் பாத்துக்கொண்டு இருந்தால் செப்டம்பர் வாடகைக்குக் காசு வராது.

விண்ணப்பம் சரிவந்த பிறகு மகளுக்கு இன்னொரு வேலை இருக்கு. எம்எஸ்எஃப்ஏஏ எண்டு ஒரு மாணவர் நிதியுதவி ஒப்பந்தம், தேசிய மாணவர் கடன் சேவை நிலையத்தின்ர தளத்தில முடிக்க வேணும். பாங்க் விபரமும் அதிலதான்: பாங்க் கிளையைக் காட்டுற ட்ரான்சிற் இலக்கம் ஐஞ்சு எண், பாங்கைக் காட்டுற நிறுவன இலக்கம் மூண்டு எண், பிறகு கணக்கிலக்கம். கணக்கு மகளின்ர பேரில இருக்க வேணும். இதை முடிக்காத பிள்ளையள் "ஓசாப் சரி எண்டு வந்துட்டுது, காசு ஏன் வரேல்லை" எண்டு ஒக்ரோபர் வரைக்கும் நிக்கிறவை. வாற காசு முதல்ல காலேஜ் கட்டணத்துக்குப் போகும், மிச்சம்தான் பாங்குக்கு. பொதுவா செப்டம்பரில 60 வீதம், ஜனவரியில 40 வீதம். ஆனபடியால் முதல் தவணை மிச்சத்தில ஒரு முழு வருச வாடகைக் கணக்குப் போடாதேங்கோ.

குப்பிளான் பிள்ளை
இப்ப பாத்தன். என்ர ஒப்பம் இருக்கு, இவரின்ர இடம் வெறுமையா இருக்கு. சின்னும் 9இல தொடங்கிற பழசுதான். இவர் இப்ப ஒஹையோவில. பாஸ்வேர்ட் மாத்தியாச்சு. அவர் அங்க இருந்துகொண்டே ஒப்பம் வைக்கலாமோ?

மோர்னிங்சைட்
ஒன்லைனில எங்க இருந்தும் செய்யலாம். ஆனால் முதல்ல சின்னைத் திருத்துவியுங்கோ, பிறகு ஒப்பம். பழைய சின்னோட ஒப்பம் வைச்சால் திரும்பவும் செய்ய வேண்டி வரும்.

குப்பிளான் பிள்ளை
சரி, நாளைக்கு ஒன்பது மணிக்கே போறம். கடைசியா ஒண்டு. கஷ்டமெண்டால் மகள் ஒரு பாடத்தை விடலாமோ? ஐஞ்சு பாடம் எடுத்திருக்கிறா.

கணக்குப்பிள்ளை
முழுநேரக் கணக்குக்குக் குறைஞ்சது 60 வீதம் வேணும். ஐஞ்சில மூண்டு. நாலாக்கலாம், ஆனால் தொகை மாறக்கூடும், ஆனபடியால் விடமுதல் நிதியுதவி ஒஃபிஸில கேக்கச் சொல்லுங்கோ. ரெண்டுக்கு இறங்கினால் கிராண்ட் கடனா மாறவும் கூடும்.