காற்றாலையின் பழைய இறக்கை பாலத்தைத் தாங்குமா?

கேள்வி (சிவில் மாணவி):
அயர்லாந்தின் கார்க் கவுண்டியில், மிடில்டனுக்கும் யோலுக்கும் இடையே பழைய ரயில் தடத்தில் அமைந்த பசுமைப் பாதையில், கழற்றப்பட்ட காற்றாலை இறக்கைகளையே உத்திரங்களாக வைத்து 2022 ஜனவரியில் ஒரு சிறு பாலம் நிறுவினார்கள். பழைய காற்றாலைகளை மாற்றிப் புதியவற்றை அமைப்பதற்குத் தமிழ்நாடு அரசும் 2024இல் கொள்கை வெளியிட்டிருப்பதால், முப்பந்தல் பக்கம் கழற்றப்படும் இறக்கைகளை ஓடைகளுக்கு நடைபாலமாக்குவது பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்ய விரும்புகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் சுழன்ற இறக்கையில் வலிமை மிஞ்சியிருக்குமா? சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவதே மேல் என்கிறார் என் வழிகாட்டி.

பதில் 1 (கட்டமைப்புப் பொறியாளர்):
மிஞ்சியிருக்கும், எந்தத் திசையில் என்பதைத்தான் பார்க்க வேண்டும். காற்றின் வளைவிசையைத் தாங்குபவை இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைப் பட்டைகள் என்பதால், சுமை அவற்றின்மீது இறங்கும்படி இறக்கையைக் கிடத்தினால், நடைபாலத்தின் சுமை அதற்குப் பெரிதல்ல. கார்க்கில் பயன்பட்டவை 13.4 மீட்டர் இறக்கைகள். நம் பழைய 225 கிலோவாட் காற்றாலைகளின் இறக்கைகளும் ஏறத்தாழ அதே நீளமே, ஆகவே ஒப்பீடு பொருந்தும். எனக்குக் கவலை இணைப்புகளைப் பற்றித்தான். இரும்பைப்போல் வெல்டிங் செய்ய முடியாது. துளையிட்டு போல்ட் முடுக்க வேண்டும், துளையைச் சுற்றி இழை அடுக்குகள் பிரியத் தொடங்கினாலோ வெளியே தெரியாது. அறுத்த முனையை ரெசின் (இழைகளைப் பிணைக்கும் பிசின்) பூசி மூடாவிட்டால், உள்ளே பால்சா என்ற லேசான மரம் இருக்கும் இடங்களில் மழைநீர் இறங்கி அழுகிவிடும்.

பதில் 2 (காற்றாலைப் பராமரிப்பாளர்):
ஒரே காற்றாலையில் கழற்றிய மூன்று இறக்கைகளும் ஒரே நிலையில் இருக்குமென்று எண்ண வேண்டாம். ஒன்றில் இடி இறங்கியிருக்கும். இன்னொன்றில், ஒட்டுப்போட்ட இடம் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், அடுக்கு பிரிந்த இடத்தில் கணீரென்ற ஒலி மாறி மந்தமாகக் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்ட பிறகே எங்கே அறுப்பது என்று முடிவு செய்யுங்கள். அறுக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி இழைத் தூசி தோலில் பட்டால் அரிப்பு எளிதில் போகாது; முகமூடியின்றி யாரையும் அருகில் விடாதீர்கள்.

பதில் 3 (சிமெண்ட் துறை):
உங்கள் வழிகாட்டி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இறுகிய ரெசினை மீண்டும் உருக்க முடியாது. சிமெண்ட் சூளையிலோ அது எரிபொருளாகிறது, கண்ணாடியிலுள்ள சிலிக்கா, சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டிகளில் சேர்ந்துவிடுகிறது. மென்மையான அமிலத்தில் கரையும் ரெசினுடன் சீமென்ஸ் கமேசா என்ற காற்றாலை நிறுவனம் 2021இல் அறிமுகப்படுத்திய இறக்கைகள் வேறு வகை. முப்பந்தலின் பழைய இறக்கைகளுக்கு அந்த வழி உதவாது. ஆனால் பாலமாக்கிய இறக்கையைப் பின்னொரு நாள் சூளைக்கு அனுப்பலாம், சூளைக்குப் போனதைப் பாலமாக்க முடியாது. ஒரே மாடல் இறக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, துண்டுகள் வெட்டி வளைவுச் சோதனை செய்வதோடு ஆய்வை நிறுத்திக்கொண்டால் ஓராண்டுக்குள் முடிக்கலாம்.