ஆர்ல் நகரில் தற்செயலாகக் கண்ட ஆடை ஊர்வலம்: அது என்ன விழா?

வைகைக்கரையான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஜூலை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் தென் பிரான்சில் அவிஞோனிலிருந்து ரயிலில் ஆர்ல் நகருக்குச் சென்றிருந்தோம். ரோமானியர் கட்டிய வட்ட அரங்கையும் வான் கோ வரைந்த இடங்களையும் பார்த்துவிட்டு மாலையே திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால் ஊருக்குள் நுழைந்தபோது போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். தரையைத் தொடும் பட்டுப் பாவாடையும், தோள்களிலிருந்து மார்பு வரை நுண்ணிய மடிப்புகளாக இறங்கிய வெள்ளை மென்துணியும், உச்சிக் கொண்டையைச் சுற்றிய வெல்வெட் நாடாவுமாகப் பெண்கள் அணி அணியாக நடந்து வந்தார்கள். கைக்குழந்தைகள்கூட அதே வகை உடையில் இருந்தன. அவர்களுக்குப் பின்னால் வெள்ளைக் குதிரைகளில் சூலம் ஏந்திய ஆண்கள் வர, சில குதிரைகளில் பெண்களும் ஒருபக்கமாக அமர்ந்திருந்தார்கள். ஒரே ஆள் இடக்கையால் குழல் வாசித்துக்கொண்டே வலக்கையால் முரசையும் கொட்டியது எங்களுக்குப் பெரிய வியப்பு.

இது என்ன விழா? இவர்கள் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட கலைஞர்களா, உள்ளூர் மக்களா? ஓர் இளம்பெண்ணுக்கு மட்டும் எல்லோரும் தனி மரியாதை செய்தார்களே, அவர் யார்? அடுத்த ஆண்டு பாரிஸில் இருக்கும் என் தங்கை குடும்பத்தையும் அழைத்துப் போக எண்ணுகிறோம்.

மார்செய்வாசி:

ஐயா, நீங்கள் பார்த்தது ஆர்ல் ஆடைத் திருவிழா. ஆண்டுதோறும் ஜூலை முதல் ஞாயிறன்று நடக்கும். காலையில் வீதிகளில் ஊர்வலம், மாலையில் பழைய ரோமானிய நாடக அரங்கில் நிகழ்ச்சி என்பது வழக்கம். அந்த அரங்கு ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தது. மேடைச் சுவரில் இன்று இரண்டு தூண்கள் மட்டுமே உயர்ந்து நிற்கின்றன, ஊரார் அவற்றை 'இரண்டு விதவைகள்' என்று அழைப்பார்கள். ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு 'பெகுலாதோ' என்ற விளக்கு ஊர்வலமும் உண்டு. என்னைக் கேட்டால், பகல் ஊர்வலத்தைவிட அதுதான் அழகு.

கூலிக்கு வந்தவர்கள் அல்லர். ஆர்லிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் குடும்பங்கள் தங்கள் சொந்த உடைகளை அணிந்து வருகிறார்கள். நீங்கள் குறிப்பிட்ட இளம்பெண் 'ஆர்லின் அரசி'. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அரசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை அழகிப்போட்டி என்று எண்ணிவிடக் கூடாது. ஆடை மரபு, வட்டார வரலாறு, கலை, இவ்வட்டார மொழியான ப்ரொவான்சால் ஆகியவற்றில் நடுவர் குழு போட்டியிடும் பெண்களைச் சோதிக்கிறது. முதல் அரசி 1930இல் தேர்வானார். அடுத்தவர் 1947இல்தான் வந்தார். புதிய அரசியின் பெயரை மே 1 அன்று, கமார்க் சதுப்பு நிலத்தில் மாடு மேய்க்கும் குதிரைவீரர்களான 'கார்தியன்'களின் விழாவில் அறிவிப்பார்கள். நீங்கள் கண்ட சூலம் அவர்களுடைய தொழிற்கருவி. காளைகளை ஓட்டிச் செல்லப் பயன்படுவது.

நூலிழை:

துணிகள் பற்றிப் படிப்பவள் என்ற முறையில் உடையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த மார்புத்துணி ஊசிகளால்தான் நிற்கிறது. நம் வீட்டுப் பெண்கள் புடவைக் கொசுவத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பின் குத்துவதைப் போல, அவர்களும் மடிப்பின் மேல் மடிப்பாக அடுக்கி ஊசி குத்துகிறார்கள். மடிப்புகளுக்கு நடுவே உண்டாகும் திறப்புக்குச் 'சிற்றாலயம்' என்று பெயர், நகையில் உள்ள சிலுவை அங்கே தெரிய வேண்டும். தலைவாருவதும் உடுத்துவதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பெரும்பாலும் தாயோ பாட்டியோ உடன் இருந்தால்தான் முடியும்.

வயதுக்கேற்ற உடை என்பதும் கவனிக்கத்தக்கது. சிறுமிகளுக்குத் தொப்பி, சற்று வளர்ந்தவர்களுக்கு எளிய பருத்தி உடை, ஏறத்தாழ பதினைந்து பதினாறு வயதில்தான் கொண்டையில் நாடா ஏறும். அதை ஒரு சடங்காகவே கொண்டாடுகிறார்கள்.

அந்த எளிய உடைகளின் அச்சிட்ட பருத்தித் துணிக்கும் நம் பக்கத்துக்கும் மெய்யான தொடர்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சென்ற சாயத்துணிகள் பிரான்சில் பெரும் மோகத்தை உண்டாக்கின. துவைத்தாலும் சாயம் போகாத அந்தத் துணியை மார்செய் நகரத்துக் கைவினைஞர்கள் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தாங்களும் அச்சிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்களின் பிழைப்பு கெடுகிறது என்று 1686இல் அரசு தடை விதித்தது. 1759 வரை தடை நீடித்தும் மக்கள் உடுத்துவதை நிறுத்தவில்லை. அடுத்த முறை போகும்போது பட்டுத் துணியை மட்டும் பார்க்காமல், பருத்திப் பாவாடைகளில் உள்ள சிறு பூக்களையும் கொடிகளையும் அருகில் சென்று பாருங்கள்.

ஐயவாதி:

மேலே சொன்னவை எல்லாம் சரியே. எனினும், இது இடையறாது தொடர்ந்து வந்த மரபு என்ற எண்ணம் ஏற்பட்டுவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் பாரிஸ் நாகரிகத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஆர்ல் உடை அன்றாட வாழ்விலிருந்து நழுவத் தொடங்கியிருந்தது. ப்ரொவான்சால் மொழிக் கவிஞர் ஃபிரெடெரிக் மிஸ்த்ரால்தான் 1903இல் இளம்பெண்களுக்கென்று ஒரு விழாவைத் தொடங்கி, மரபுடை அணிந்து வந்தவர்களைச் சிறப்பித்தார். 1904இல் தமக்குக் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தை, ஆர்லில் தாம் நிறுவிய 'மியூசியோன் ஆர்லாத்தென்' அருங்காட்சியகத்தை விரிவாக்கச் செலவிட்டார். அதாவது, ஒரு கவிஞரும் அவரைச் சார்ந்தவர்களும் திட்டமிட்டுக் காத்ததே நீங்கள் வீதியில் கண்டது. அன்றாடம் உடுத்தப்பட்ட காலத்தில் அந்த உடை தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. இன்றோ ஒவ்வொரு குழுவும் ஏதாவதொரு காலகட்டத்தைத் தேர்ந்து அதன்படி உடுத்துகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் 'பழமை மாறாமல்' என்று எழுதும் பயணக் கையேடுகள் எரிச்சலூட்டுகின்றன.

நூலிழை:

நண்பர் சொல்லும் வரலாற்றை ஏற்கிறேன். ஆனால் விழாவைத் தொடங்கியவர் ஒருவர் என்றாலும், இன்று தைப்பவர்களும் உடுத்துபவர்களும் அவரைக் கேட்டுச் செய்வதில்லை. பாட்டியின் நாடாவைப் பேத்தி கட்டும்போது, நூறாண்டுக்கு மேற்பட்ட அந்த வழக்கத்துக்கும் மரபு என்ற பெயரைக் கொடுத்தாக வேண்டும்.

வைகைக்கரையான்:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. ஆர்ல் வெகு தொலைவு என்று தங்கை தயங்கினால் வேறெங்கு இதுபோல் காணலாம்? அந்த வாரம் ஆர்லில் தங்க இடம் கிடைக்குமா?

மார்செய்வாசி:

வடமேற்கு பிரான்சில் உள்ள பிரெத்தாஞ் பகுதியைப் பரிந்துரைப்பேன். கெம்பேர் நகரின் கோர்னுவாய் விழா 1923இல் தொடங்கியது, ஜூலையில் நடக்கிறது; முப்பது சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் பிகூதென் என்ற அங்குள்ள வட்டாரத்துப் பெண்களின் வெள்ளைத் தலையணியை அங்கே காணலாம். கொன்கார்னோவின் 'நீல வலைகள்' விழா ஆகஸ்டில். மத்தி மீன் வரத்து பொய்த்து மீனவக் குடும்பங்கள் தவித்தபோது, அவர்களுக்கு உதவி திரட்ட 1905இல் தொடங்கியது அது.

ஆர்லில் அறை கிடைப்பது கடினம். 1970 முதல் நடந்துவரும் சர்வதேச ஒளிப்படத் திருவிழாவின் தொடக்க வாரமும் ஜூலை முற்பகுதியில்தான் வருகிறது. ஆகவே பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள், இல்லையேல் அவிஞோனில் தங்கி ரயிலில் வாருங்கள். வண்டி ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். திங்கட்கிழமையும் இருக்க முடிந்தால் வட்ட அரங்கில் 'பொற்பட்டை' போட்டியைப் பாருங்கள். காளையின் கொம்பில் கட்டிய பட்டையை வெள்ளுடை வீரர்கள் கைக்கொக்கியால் பறிக்கும் விளையாட்டு அது, காளையைக் கொல்வதில்லை. மிஸ்த்ராலின் அருங்காட்சியகத்துக்குத் திங்களன்று விடுமுறை. அதை முந்தைய சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள்.